டர்பனா, நைரோபியா?

கையில் ஆவணப்படக் கரு. எங்கே விண்ணப்பிப்பது என்று குழம்பும் கிழக்கு ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு:

காலம்: தென்னாப்பிரிக்காவின் டாலன்ட்ஸ் டர்பன், இளம் திரைக் கலைஞர்களுக்கான பயிற்சித் திட்டம்; பெர்லின் திரைப்பட விழாவின் டாலன்ட்ஸ் திட்டத்தோடு கூட்டு, டர்பன் திரைப்பட விழாவை ஒட்டிச் சில நாள்தான். கென்ய இயக்குநர் ஜூடி கிபிங்கே தொடங்கிய ஆவணப்பட நிதியம், நைரோபி டாக்யுபாக்ஸ், நீண்டகாலத் துணை.

பணம்: டர்பனில் பட்டறையும் துறையினர் அறிமுகமும். டாக்யுபாக்ஸில் மானியமும் உண்டு.

எல்லை: முன்னது கண்டம் முழுமைக்கும், பின்னது கிழக்குக்கு.

விண்ணப்பம் சறுக்குவது இரண்டிலும் ஒரே இடத்தில். ‘குடிநீர்ப் பிரச்சினை’ என்று எழுதிவிடுவார்கள். விடிகாலையில் மஞ்சள் கேனோடு வரிசையில் நிற்கும் பெண் யார், அவருக்கு என்ன வேண்டும், படம்பிடிக்கச் சம்மதித்தாரா? ஒரு வரி இருக்காது. எத்தனை அழகான டிரெய்லரும் அதை ஈடுகட்டாது.

கரு இன்னும் காகிதத்திலா? டர்பன். படப்பிடிப்பு பணமில்லாமல் பாதியில் நிற்கிறதா? நைரோபி.