சுவருக்கு ஒரு பத்தமடைப் பாய்

வரவேற்பறைச் சுவர் வெறிச்சென்று கிடந்தது. சட்டம் போட்ட ஓவியங்களின் விலையோ தலைசுற்ற வைத்தது. திருநெல்வேலிப் பக்கம் போனபோது பத்தமடையில் இறங்கி, நெசவாளர் வீட்டிலேயே ஒரு கோரைப்பாய் வாங்கி வந்து மாட்டிவிட்டேன்.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது பட்டுப்பாய்தான். கோரையை நீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். கையில் எடுத்தால் துணிபோல மடிகிறது. விலை ஆயிரங்களில் நிற்கிறது. மணமக்கள் பெயரை நெய்து தருவதும் உண்டு.

எனக்கு வாய்த்தது அதற்கு அடுத்த ரகம்: சற்றே தடித்த இழை, வைக்கோல் நிறம், இரு ஓரமும் அரக்குச் சிவப்புக் கரை. கிட்டே போய்ப் பார்த்தால் கரையில் ஓரிடத்தில் சிவப்பு கொஞ்சம் பிசகியிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மேல்விளிம்பில் ஒரு மூங்கில் கழி, இரண்டு ஆணி, முடிந்தது வேலை. மொத்தச் செலவு ஆயிரத்தைத் தாண்டவில்லை.

குறை என்றால், ஓரத்தில் தைத்த துணிப்பட்டை மலிவான பளபளப்பு; பிரித்துவிட்டுக் கைத்தறித் துணி வைத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள், சாயம் வெளுக்கும். வாங்கும்போது முழுவதும் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் காட்டுவார்கள்.