மருந்துப் போத்தலா, பொறிவண்டா?

வெள்ளவத்தை மொட்டை மாடியில் நாலு சட்டி பயற்றங்காய் வைத்திருப்பவருக்கும், ஓமாகமையில் வயல் செய்பவருக்கும் கேள்வி ஒன்றுதான்: பூச்சி வந்ததும் மருந்தடிப்பதா, பூச்சியைத் தின்னும் பூச்சியை வளர்ப்பதா?

மருந்தின் பலம் வேகம். காலையில் அடித்தால் மாலைக்குள் இலைச் சாற்றை உறிஞ்சும் அழுக்கணவன் உதிரும். ஆனால் கூடவே பூச்சியைத் தின்னும் பொறிவண்டும் சிலந்தியும் போய்விடும். வயலில் இது பெரிய கேடு. நெல்லின் சாற்றை உறிஞ்சும் கபில நிறத் தத்தி நெற்தாளின் திசுவுக்குள் முட்டையிடும். பல மருந்துகள் அந்த முட்டையைத் தொடாது. குஞ்சு பொரிக்கும்போது அதைப் பிடிக்க ஓநாய்ச் சிலந்தி இருக்காது. மருந்தடித்த வயலிலேயே தத்தி பெருகுவது இதனால்தான்.

நன்மைப் பூச்சிக்குப் பொறுமை வேண்டும். முதல் இரண்டு வாரம் இலை சுருள்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். நன்மைப் பூச்சிகள் வந்து தங்க, வரப்பிலோ சட்டியோரத்திலோ கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள். கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் புள்ளியோடு, குட்டி முதலை போல ஒன்று தண்டில் ஊர்ந்தால் தயவுசெய்து நசுக்காதீர்கள். அதுதான் பொறிவண்டின் குடம்பி.

2008இல் இலங்கையில் பப்பாசியை, வெள்ளைப் பஞ்சு போல் படரும் வெண்மூட்டுப்பூச்சி மூடியபோது நாட்டைக் காப்பாற்றியது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி.

என் தெரிவு பூச்சிகள்தான். நோய் பரப்பும் வெள்ளை ஈ மிளகாயில் மண்டினால் மட்டும் வேப்பெண்ணெய், அதுவும் பொழுதுபட்ட பிறகு, இலையின் அடிப்பக்கத்துக்கு.