மியூ-11க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி: நாலு வருட அனுபவம்

போன வாரம் ஜூனியர் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணா, மெஷ்ஷைச் சின்னதாக்கச் சின்னதாக்க விரிசல் பக்கத்துல காந்தப் பொட்டென்ஷியல் வேற வேறயா வருது. புரோகிராம்ல தப்பா?" பொருளைச் சின்னத் துண்டுகளாக, அதாவது எலிமெண்ட்டுகளாக, பிரித்துக் கணக்கிடுவது எங்கள் வேலை; அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். காந்தப் பொட்டென்ஷியலின் சரிவுதான் காந்தப்புலம். எந்த அட்டவணையை எடுத்தாய் என்று கேட்டேன். அதேதான்.

நெருக்கினால் மின்புலம் தரும் பேரியம் டைட்டனேட், காந்தப்புலத்தில் உருமாறும் கோபால்ட் ஃபெரைட், இரண்டும் சேர்ந்த கலவையை மாடல் செய்பவர்கள் வழக்கமாக எடுக்கும் மாறிலி அட்டவணை அது. நானும் நாலு வருடமாக அதோடுதான் குடித்தனம். பலரும் அதையே எடுப்பதால் என் விடையை அவர்கள் விடையோடு நேராக ஒப்பிடலாம். பெரிய வசதி.

அதில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. இரண்டு பொருளிலும் காந்த-மின் இணைப்பு தனியாகக் கிடையாது, இரண்டு இடத்திலும் பூஜ்யம். விகிதப்படி சராசரி எடுத்தால் பூஜ்யமேதான் வரும். ஒரு பொருள் இன்னொன்றை எப்படி நெருக்குகிறது என்பதையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் மோரி-தனாகா முறையில் போட்டால் ஒரு எண் வருகிறது! காந்தப்புலத்தில் ஃபெரைட் உருமாறி, ஒட்டியிருக்கும் டைட்டனேட்டை நெருக்க, அங்கே மின்புலம் பிறக்கிறது. விறைப்பு, மின், காந்த எண்கள் எல்லாம் சேர்ந்த 12க்கு 12 அணி, ஒரு நொடிக் கணக்கு. இன்றைக்கும் அந்த எண்ணைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

இனி அந்தக் குறி. ஃபெரைட்டின் காந்த உட்புகுதிறனில் (காந்தப்புலத்துக்கு அது எவ்வளவு இணங்குகிறது என்ற எண்) தடிமன் திசைக்கான மியூ-33 157×10⁻⁶. குறுக்குத் திசைக்கான மியூ-11 −590×10⁻⁶. எதிர்மறை என்றால் புலம் கூடக்கூட ஆற்றல் பூஜ்யத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நிலையான புலத்தில் அப்படி ஒரு ஃபெரைட் கிடையாது. ஆனாலும் கட்டுரைக்குக் கட்டுரை அந்தக் குறி அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

முதல் இரண்டு வருடம் நான் கவனிக்கவே இல்லை. மெல்லிய தகடுகள்தான் செய்தேன். அதில் பொட்டென்ஷியல் பெரும்பாலும் தடிமன் திசையில்தான் மாறும், மியூ-11க்கு வேலையே இல்லை. ஃபெரைட் அடுக்கில் ஒரு விரிசலை வைத்ததும் மாட்டிக்கொண்டேன். இரண்டு திசைக்கும் குறி வேறானால் சமன்பாட்டின் குணமே மாறிவிடுகிறது. விரிசலை விட்டு விலகும்போது அடங்க வேண்டிய புலம் அலைபோல் கோடு கோடாக ஓடுகிறது. மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் விடை நிற்காது.

விறைப்பு எண்கள் 10¹¹ அளவில், மின் விடுதிறன் 10⁻⁹ அளவில் இருப்பதால், இவ்வளவு எட்டி நிற்கும் எண்களால் கணினியில் அணியின் துல்லியம்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மின்னழுத்தத்தை கிகாவோல்ட்டில் எடுத்து அந்த இருபது படி இடைவெளியை ஒன்றிரண்டாகக் குறைத்தேன். அப்புறமும் அதே ஆட்டம். மூன்று மாதம் நான் எழுதிய எலிமெண்ட்டையே சந்தேகப்பட்டேன். ஒரு குறிக்காக மூன்று மாதம்!

நியாயமாகச் சொன்னால், மற்ற எண்கள் எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. அந்த அட்டவணை இல்லாமல் என் வேலை தொடங்கியே இருக்காது. இருந்தாலும் தம்பியிடம், அந்த அட்டவணையை எடுக்காதே என்றுதான் சொன்னேன். எடுத்தே ஆகவேண்டும் என்றால் மியூ-11க்கு +590×10⁻⁶ போடு, சில கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது, மாற்றியதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லிவிடு என்றேன்.

அன்றிரவே குறியை மாற்றிப் போட்டுப் படம் அனுப்பினான். மூன்று மெஷ்ஷின் வளைகோடுகளும் விரிசலைத் தாண்டியதும் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருந்தன.