நீலகிரிக்குக் "கற்றல் பயணம்" என்று முன்பணம் கேட்கிறார்களா? வீட்டுக்கல்விக் குடும்பங்கள் கவனிக்கவும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்களைக் குறிவைத்து, கோவை, திருப்பூர்ப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பயண ஏற்பாட்டாளர் வலம் வருகிறார். மலை ரயில், சோலைக்காட்டு நடை, ஊட்டி அருகே முத்தொரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி என்று அவருடைய நோட்டீஸைப் பார்த்தால் எந்தப் பெற்றோருக்கும் ஆசை வரும். போன மே மாதம் நாங்களும் சில குடும்பங்களும் போனோம். குடும்பத்துக்கு 24,000 ரூபாய். பாதி முன்பணம், அதுவும் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு.

எங்களை இழுத்தது அவர் சொன்ன சான்றிதழ்தான். பயணம் முடிந்ததும் தருகிற சான்றிதழை என்ஐஓஎஸ் (பள்ளிக்குப் போகாமலே பத்தாம் வகுப்பு எழுத உதவும் தேசிய திறந்தநிலைப் பள்ளி) செய்முறை மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்வார்கள் என்றார். இது பொய். செய்முறைத் தேர்வு அவர்கள் அங்கீகரித்த மையத்தில்தான் நடக்கும். தனியார் பயணச் சான்றிதழுக்கு அங்கே இடமே இல்லை. பத்தாம் வகுப்பை அந்த வழியில் எழுதவைக்க நினைக்கும் பெற்றோரின் பதற்றம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ரயில் விஷயம்தான் பிள்ளைகளை ரொம்ப வருத்தியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். அதில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறும். 12 அடி போனால் ஒரு அடி உயரம், அவ்வளவு செங்குத்து. என் மகன் அட்டையில் அதன் மாதிரி செய்து, பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். பிஎன்ஆர் எண் கேட்டபோதெல்லாம், "எல்லாம் கன்ஃபர்ம் மேடம், காலையில கையில தர்றேன்" என்பதே பதில். காலையில் ஸ்டேஷனில் டிக்கெட் இல்லை. வண்டி கண்ணெதிரே கிளம்பிப் போனது. எங்களை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

வேனில் ஏறியதும் இ-பாஸுக்கு என்று குடும்பத்துக்கு 300 ரூபாய் வசூல். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். ஆனால் அதற்குக் கட்டணமே கிடையாது. அரசு இணையதளத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் அந்தச் "சோலைக்காட்டு நடை". கூட்டிப்போன பையன் காட்டியது சீகை மரங்களையும் கற்பூர மரங்களையும். இரண்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. புல்வெளிகளை விழுங்கிய சீகையை இயற்கைச் சோலை என்று சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். "அம்மா, சோலை மரம் குட்டையா, பாசி படிஞ்சு, பள்ளத்துல நெருக்கமா இருக்கும்னுதானே படிச்சோம்?" என்று மகள் கேட்டாள். சரியான கேள்வி, அந்தப் பையனிடம் பதில் இல்லை. கொஞ்ச தூரத்திலேயே வனக்காவலர்கள் மறித்தார்கள். அனுமதி வாங்கவே இல்லை. காட்டெருமை நடமாடும் இடத்துக்குச் சிறு குழந்தைகளை அழைத்துப் போகிறீர்களே என்று அவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்களின் அத்தனை உயிர்கள் போன பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. நீலகிரியிலேயே வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு முறையாகவே நடக்கலாம்.

முத்தொரையில் வாசலோடு சரி. காவலாளி அனுமதிக் கடிதம் கேட்டார். ஏற்பாட்டாளர் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். காவலாளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம்; கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் கட்டி முடித்தது. அது நிற்கும் மலைச்சரிவு ஏறத்தாழ 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். இதைச் சாலை ஓரத்தில் நின்று நானே பிள்ளைகளுக்குச் சொன்னேன். "உள்ளே விஞ்ஞானிகளுடன் உரையாடல்" என்று பணம் வாங்கியவர் முன்கூட்டி எழுதி அனுமதி கேட்கக்கூட இல்லை.

மீதிப் பணத்தை அங்கேயே தர மறுத்துவிட்டோம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். நோட்டீஸ், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே வழக்குக்குக் கட்டணம் இல்லை.

இப்போது வேறு பெயரில் ஒரு கொடைக்கானல் நோட்டீஸ் சுற்றுகிறது. எங்கள் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் நிற்கும் படத்தையே அதில் போட்டிருக்கிறார். சூரிய ஆய்வகத்துக்குள் சிறப்பு அனுமதி என்று எழுதியிருக்கிறது. உங்கள் குழுவுக்கு அது வந்தால், அனுமதிக் கடிதத்தின் நகலைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.