நாயகன் சாகலாமா, பிழைக்க வேண்டுமா?

பொதிகை மலைக்குள் நடப்பதாக நான் எழுதிவரும் மாயக்கதைத் தொடரில், இரண்டாம் பாகத்தோடு நாயகி இறந்துவிடுகிறாள். கையெழுத்துப் படியைப் படித்த மதினி, "அவளே போயிட்டா, இனி யாருக்காகப் படிக்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் மாற்றவில்லை.

நாயகன் பிழைத்திருந்தால் என்ன லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வாசகர் பாகம் பாகமாகக் கூடவே வருவார். சிறுவர்களுக்கான தொடர் என்றால் அதுதான் சரி என்றே சொல்வேன். ஹாரி பாட்டர் 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்கள் வந்தது. ஹாரி பிழைக்கிறான், ஐந்தாம் பாகத்தில் அவன் ஞானத்தந்தை சிரியஸும் ஆறாம் பாகத்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோரும் போகிறார்கள். அழவும் முடிகிறது, தொடர்ந்து போக ஆளும் இருக்கிறது. என்ன, அட்டையிலேயே பெயர் இருக்கும் பையனுக்கு நடுவில் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிடுவதால், சில சண்டைகளை நான் மேலோட்டமாகத்தான் படித்தேன்.

என்னை ஒரு பக்கம் சாய வைத்தது இரண்டாம் வாசிப்பு. முடிவு தெரிந்த பிறகும் ஒரு புத்தகத்தைத் திரும்ப எடுக்கத் தோன்றுகிறதா? ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 1996 நாவலான 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்'இல், நாயகன் என்றே நாம் நம்பிவரும் நெட் ஸ்டார்க்கின் தலை போகும்போது முதல் தடவை வெறும் அதிர்ச்சிதான். திரும்பப் படிக்கும்போதுதான் விஷயம் புரியும். நெட், ராணி செர்சியிடமே போய், உன் பிள்ளைகள் ராஜாவுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்ற உண்மை எனக்குத் தெரியும், அவர் திரும்பி வருவதற்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்கிறார். முன்பு பெருந்தன்மையாகத் தெரிந்த அந்தப் பக்கத்தை இப்போது பதறாமல் படிக்க முடியாது.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்பவர்கள் எங்கள் பக்கம் கோயில் கொடைக்கு வந்து வில்லுப்பாட்டு கேட்க வேண்டும். அந்தப் பாட்டின் நாயகன், பிராமணனான முத்துப்பட்டன் சாவான் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். செருப்புத் தைப்பவர் வீட்டுப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டுவதற்காக அவன் பூணூலை அறுக்கிறான், செருப்புத் தைக்கிறான். கல்யாண இரவிலேயே மாடு கவர வந்தவர்களோடு மோதிச் சாகிறான். இது தெரிந்து கேட்பதால்தான் கல்யாணப் பகுதியில் தொண்டை அடைக்கிறது. அவனோடு கதையும் முடிவதில்லை. பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள். அவன் பட்டவராயன் என்ற தெய்வமாகி, பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் நிற்கிறான். இன்றைக்கும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. மதினியின் கேள்விக்கு நான் பதில் பிடித்தது இங்கேதான்: செத்தவளின் காரியத்தை எடுத்துச் செய்ய ஆள் வேண்டும். என் கதையில் அது அவள் தங்கை.

செத்தவரை எழுப்பிக் கொண்டுவருவது இன்னொரு வழி. எனக்குப் பிடிக்காது. டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் மந்திரவாதி காண்டால்ஃப் திரும்பி வருவதை ஒத்துக்கொள்ளலாம். அவர் மனிதரே அல்லர், ஒரு வேலையாக அனுப்பப்பட்டவர். ஆனால் மார்ட்டினின் அதே கதை வரிசையில் வரும் ஜான் ஸ்னோ? 2011 நாவலில் குத்துப்பட்டு விழுந்தவரைத் தொலைக்காட்சித் தொடர் 2016இல் எழுப்பி உட்கார வைத்துவிட்டது. அதற்கப்புறம் அங்கே யார் செத்தாலும் எனக்கு அரை நம்பிக்கைதான்.

இவ்வளவு பேசினாலும், என் மூன்றாம் பாகம் இன்னும் பாதியில் நிற்கிறது. தங்கை அந்தச் சுமையைத் தாங்குவாளா என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியாது. வாராவாரம் வெளிவரும் தொடர்கதை நான் எழுதியதில்லை. அங்கே நாயகி போனதும் வாசகர் அடுத்த வாரமே விலகிவிடலாம், இரண்டாம் வாசிப்புக்கு யாரும் காத்திருக்கப் போவதில்லை. அப்படி எழுதுகிறவர்கள் நாயகனைக் கடைசி அத்தியாயம் வரை வைத்துக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.