அம்மானில் ஒரு சர்க்காசிய நடை: நேற்று முழுதாக, இன்று பாதியாக

ஜோர்டானுக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர், பெத்ராவுக்கும் சாக்கடலுக்கும் போகும் வழியில் ஓர் இரவு தங்கிச் செல்லும் ஊராகவே அம்மானைக் கருதுகிறார்கள். அந்த ஊரில் ஒரு பிற்பகலைச் செலவிடுவதற்கு நல்ல காரணம் தேடுவோருக்கு, பழைய நகரப் பகுதியில், காக்கசஸ் மலைப்பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட சர்க்காசியர் ஒருவர் நடத்தும் வரலாற்று நடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ரோமானிய அரங்கில் தொடங்கி, நகரின் மேற்கே வாதி சீரில் உள்ள ஒரு வீட்டில் இரவு விருந்துடன் இது நிறைவடைகிறது. வாகனமும் உணவும் சேர்த்துத் தலைக்கு 35 தினார், நம் ரூபாயில் 4,000-க்குச் சற்று மேல். நடத்துபவரின் பெயரை இங்கே தரவில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்கள் ரஷ்யாவின் கபர்தினோ-பல்காரியா குடியரசில் வாழ்கிறார்கள். தாம் அம்மானில் பேசுவது அங்கே இருப்பவர்களுக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்பதால் பெயரைத் தவிர்க்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். பழைய நகரத்தின் சிறு விடுதிகளில் விசாரித்தால் அவரை அடைந்துவிடலாம்.

நடை ரோமானிய அரங்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1878-இல் ஷாப்சுக் குலத்தைச் சேர்ந்த சர்க்காசிய அகதிகள் இங்கே வந்து சேர்ந்தபோது, அம்மான் என்று சொல்லத்தக்க ஊர் ஏதும் இருக்கவில்லை. நூற்றாண்டுக் கணக்கில் நிலையான குடியிருப்பு இல்லாமல் கிடந்த இடிபாடுகளும் ஓர் ஓடையும், பருவந்தோறும் வந்துபோகும் பெதூயின் மேய்ப்பர்களுமே அங்கே இருந்தனர். வந்தவர்களில் பலர் முதலில் குடியேறியது இந்த அரங்கின் வளைவறைகளிலும் அருகிலிருந்த குகைகளிலும்தான். இதைச் சொன்ன கையோடு ஊரைக் காட்டப் புறப்பட்டுவிடாமல், வழிகாட்டி எல்லோரையும் படிகளில் உட்கார வைத்து, கருங்கடலின் பழைய வரைபடம் ஒன்றை விரிக்கிறார். அடுத்த முக்கால் மணி நேரத்துக்காக மட்டுமே 35 தினாரைக் கொடுக்கலாம்.

சர்க்காசியரின் தாயகம் கருங்கடலின் வடகிழக்குக் கரையும் அதை ஒட்டிய காக்கசஸ் மலைச்சரிவுகளும் ஆகும். ரஷ்யப் பேரரசுடனான அவர்களுடைய போர் 1763-இல் தொடங்கி 1864 வரை நூறாண்டுகள் நீடித்ததாகக் கணக்கிடுவது வழக்கம். இந்த நூறாண்டுகளை ஆண்டுவாரியாக ஒப்பிக்காமல், மூன்று தருணங்களில் மட்டும் வழிகாட்டி நின்று பேசுகிறார். முதலாவது 1829. அட்ரியானோபிள் உடன்படிக்கையில், தன் ஆட்சிக்கு ஒருபோதும் முழுமையாக உட்பட்டிராத அந்தக் கரையை உஸ்மானிய (ஒட்டோமான்) பேரரசு ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. தமக்குச் சொந்தமில்லாததைச் சுல்தான் எப்படிக் கொடுக்க முடியும் என்பதே அன்று முதல் சர்க்காசியரின் வாதமாக இருந்தது.

இரண்டாவது 1861. ஷாப்சுக், அபத்ஸேக், உபிக் குலங்கள் அந்த ஆண்டு கோடையில் சோச்சிக்கு அருகே ஒன்றுகூடி ஒரு பொது மன்றத்தை அமைத்தன. நிலத்தை வட்டாரங்களாகப் பிரித்து நிர்வாகம் நடத்தவும், வரி திரட்டவும், வெளிநாடுகளுக்குத் தூதனுப்பவும் முற்பட்டன. சில மாதங்கள் கழித்து அப்பகுதிக்கு வந்த ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரிடம் அவர்களுடைய தூதர்கள் முறையிட்டபோது கிடைத்த பதில் இரண்டே வழிகளைக் காட்டியது: மலையை விட்டிறங்கி ரஷ்ய ஆட்சியின்கீழ் குபான் சமவெளியில் குடியேறலாம், அல்லது உஸ்மானிய நாட்டுக்குப் போகலாம். சுயநிர்ணய உரிமை என்பது உலக அரசியலில் ஒரு கோட்பாடாகப் பேசப்படுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த மக்கள் அதைச் செயலில் காட்ட முயன்றார்கள் என்பதை வழிகாட்டி அழுத்திச் சொல்வது எனக்குச் சரியாகவே பட்டது. சர்க்காசியரைப் பற்றிய பயண எழுத்துகள் வாளும் குதிரையும் பெண்களின் அழகும் என்று நின்றுவிடுவதுண்டு. மன்றம் அமைத்தவர்கள் என்ற செய்தி அவற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது.

மூன்றாவது 1864 மே 21. மலைக்குள் க்பாடா என்னும் வெளியில் ரஷ்யப் படைகள் வெற்றி அணிவகுப்பும் நன்றி வழிபாடும் நடத்திய நாள் அது. உலகெங்கும் உள்ள சர்க்காசியருக்குத் துக்க நாளும் அதுவே. அந்த வெளிக்கு இன்றைய பெயர் கிராஸ்னயா பொல்யானா. சரியாக 150 ஆண்டுகள் கழித்து, 2014-இல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. கரையோரம் விரட்டப்பட்ட மக்கள் கப்பல்களில் அடைக்கப்பட்டு டிராப்சோன், சாம்சுன், வார்னா துறைமுகங்களில் இறக்கப்பட்டனர். பசியும் பெரியம்மையும் டைஃபஸ் காய்ச்சலும் வழியிலும் முகாம்களிலும் பெருந்தொகையானோரைக் கொன்றன. பால்கன் பகுதியில் குடியமர்த்தப்பட்டவர்கள் 1877-78 ரஷ்ய-துருக்கியப் போருக்குப் பின் அங்கிருந்தும் வெளியேற்றப்பட, அவர்களில் ஒரு பகுதியினர் சிரியா வழியாக இந்த அரங்கை வந்தடைந்தனர். ஒரே தலைமுறைக்குள் இரண்டு முறை பெயர்க்கப்பட்டவர்கள் கட்டிய ஊர் இது என்பது அந்தக் கற்படிகளில் அமர்ந்து கேட்கும்போதுதான் முழுதாக உறைக்கிறது.

இந்தப் பகுதியில் எனக்கு இரண்டு குறைகள் உண்டு. கையில் தரப்படும் அச்சிட்ட தாளில், வெளியேற்றப்பட்டோர் தொகை 15 லட்சம் என்று ஒரே எண்ணாக, ஐயத்துக்கு இடமில்லாததுபோல் இருக்கிறது. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 4 லட்சத்தை ஒட்டித் தொடங்கி 10 லட்சத்தைத் தாண்டியும் செல்கின்றன. அந்த வேறுபாட்டைச் சொல்வதால் நடந்த கொடுமை ஒரு துளியும் குறைந்துவிடாது, கேட்பவரின் நம்பிக்கைதான் கூடும். இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. பால்கனில் குடியேறிய சர்க்காசியரில் ஒரு பகுதியினர் 1876-இல் பல்கேரியக் கிளர்ச்சியை ஒடுக்கிய உஸ்மானிய ஒழுங்கற்ற படைகளில் சேர்ந்து கொடுமை புரிந்ததும், சர்க்காசியச் சமூகத்துக்குள்ளேயே அடிமை முறை இருந்ததும் நடையில் எங்குமே பேசப்படவில்லை. கேட்டபோது வழிகாட்டி மறுக்கவில்லை, நேர்மையாகவே விடை சொன்னார். கேட்காமலே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை அவர் அம்மானுக்குள் வந்ததும் தாமாகவே கடைப்பிடிக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். உஸ்மானிய அரசு அகதிகளுக்கு வழங்கிய நிலமும் நீரும் பெதூயின் குலங்கள் தங்கள் மேய்ச்சல் உரிமையாகக் கருதியவை என்பதையும், அதனால் மோதல்கள் எழுந்ததையும், பனூ சக்ர் குலத்துடன் சர்க்காசியர் செய்துகொண்ட கூட்டணி அவர்கள் காலூன்ற உதவியதையும் அவர் மழுப்பாமல் விவரிக்கிறார். தாயகத்தில் குடியேற்றத்தால் வீழ்ந்தவர்கள் இங்கே பேரரசின் குடியேறிகளாக வந்திறங்கினார்கள் என்ற முரண்பாட்டை அவரே எடுத்துப் பேசியது, அன்று நான் கேட்டவற்றில் மிகவும் மதிக்கத்தக்க பேச்சு.

அரங்கிலிருந்து ஷாப்சுக் தெரு வழியாக, இப்போது தார்ச்சாலைக்கு அடியில் ஓடும் பழைய ஓடையின் போக்கில் நடந்து, முஹாஜிரீன் பகுதி வரை போகிறோம். பார்ப்பதற்கு என்று மிஞ்சியிருப்பவை மிகக் குறைவு. கைப்பேசிக் கடைகளும் பழச்சாறுக் கடைகளும் நெருக்கியடிக்கும் தெருவில், சர்க்காசியர் இப்பகுதிக்குக் கொண்டுவந்த இருசக்கர மாட்டுவண்டிகளையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஹிஜாஸ் ரயில் பாதையையும் கற்பனையில்தான் காண வேண்டும். 1909-இல் அமைந்த முதல் நகராட்சிக்குத் தலைவராக இருந்த இஸ்மாயில் பாபூக், 1950-இல் நாட்டின் பிரதமரான சயீத் அல்-முஃப்தி ஆகிய இருவரைப் பற்றிய கதைகள் சுவையாக இருந்தாலும், தெரு இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு ஏறத்தாழ இரு மடங்கு ஆட்களைச் சேர்த்திருந்தார்கள்; அந்தக் கூட்டத்துக்கு ஒரு சிறு ஒலிபெருக்கியேனும் வைத்திருக்கலாம். படிக்கட்டுகள் செங்குத்தானவை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு வாகனத்தில் நேரே விருந்துக்கு வரும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம். கட்டணத்தில் அதற்குக் கழிவு இல்லை.

விருந்து குறைசொல்ல இடம் தரவில்லை. பிறைவடிவில் மடித்து, உள்ளே பாலாடைக்கட்டியோ உருளைக்கிழங்கோ வைத்து எண்ணெயில் பொரித்த ஹலிவா முதலில் வந்தது. சூடாகச் சாப்பிட வேண்டியது, ஆறினால் கனத்துவிடும். முதன்மை உணவு ஷிப்ஸி பாஸ்தா. கோழிச்சாற்றில் மாவைக் கரைத்து, பூண்டும் சிவப்பு மிளகாயும் வால்நட்டும் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய குழம்பு ஷிப்ஸி. அதில் தோய்த்து உண்ண, நம் ஊர்க் களியைப் போல உருட்டிக் கிண்டியது பாஸ்தா. காக்கசஸில் பாஸ்தாவைப் பனிவரகில் செய்வார்கள்; இங்கே புல்கர் கோதுமையும் அரிசியும் அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. காரம் நம் நாக்குக்குக் குறைவுதான், ஆனால் பூண்டு கைவிடவில்லை. சைவ உணவினர் முன்கூட்டியே சொன்னால், கோழிச்சாறு சேராத ஷிப்ஸியைத் தனியே செய்து தருகிறார்கள்.

சாப்பாட்டின்போதுதான், நடையில் இல்லாமற்போன பகுதி தொடங்குகிறது. வீட்டுப் பெரியவர், பள்ளி ஆசிரியையான அவருடைய தங்கை, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஓர் இளைஞர் என மூவர் எங்களுடன் அமர்ந்தார்கள். சர்க்காசியர் இன்று எதை வேண்டுகிறார்கள் என்று விருந்தினர் ஒருவர் கேட்க, மூன்று விடைகள் வந்தன. மூவரும் ஒருவரையொருவர் மரியாதை குறையாமல் மறுத்துப் பேசினார்கள்.

பெரியவருக்கு முதன்மையானது திரும்பிச் செல்லும் உரிமை. 1998-இல் போர் மூண்டிருந்த கொசோவோவிலிருந்து இருநூறு பேர் அளவில் சர்க்காசியர் ரஷ்யாவின் அதிகேயா குடியரசுக்கு அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டதை அவர் சான்றாகக் காட்டினார். அதே கதவு சிரியப் போரின்போது அங்கிருந்த சர்க்காசியருக்கு ஏன் அவ்வளவு எளிதில் திறக்கவில்லை என்று கேட்டார். ஆசிரியை மொழியைப் பேசினார். உபிக் மொழியின் கடைசிப் பேச்சாளர் 1992-இல் துருக்கியில் இறந்துவிட்டார். ரஷ்யாவின் குடியரசுகளில் உள்ளூர் மொழிப் பாடம் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் பெற்றோர் விரும்பினால் மட்டும் என்றாகிவிட்டது. பேசுவதற்கு ஆள் இல்லாத நாட்டில் கொடி எதற்கு என்பது அவருடைய கேள்வி.

இளைஞரோ ஒரே பெயர், ஒரே குடியரசு, முடிந்தால் தனி நாடு என்றார். சோவியத் ஆட்சி ஒரே மக்களை அதிகேயர், செர்க்கேசர், கபர்தியர், ஷாப்சுக் என்று பிரித்துப் பதிவு செய்ததையும், 2010 கணக்கெடுப்பில் இந்நான்கு பெயர்களிலும் சேர்த்து ரஷ்யாவில் சுமார் 7 லட்சம் பேர் இருந்ததையும், எல்லோரும் சர்க்காசியர் என்றே பதிய வேண்டும் என 2021 கணக்கெடுப்பின்போது நடந்த இயக்கத்தையும் அவர் விரிவாகச் சொன்னார். ஜார்ஜிய நாடாளுமன்றம் 2011-இலும் உக்ரைன் நாடாளுமன்றம் 2025 ஜனவரியிலும் 1864-இன் நிகழ்வுகளை இனப்படுகொலை என அங்கீகரித்ததை அவர் பெருமையோடு குறிப்பிட்டபோது பெரியவர் குறுக்கிட்டார்: இரண்டும் ரஷ்யாவுடன் போர் புரிந்த நாடுகள், நம்மை நினைத்தா செய்தார்கள் என்றார். யார் எதற்காகச் சொன்னாலும் பதிவு பதிவுதான் என்றார் இளைஞர். கபர்தினோ-பல்காரியாவின் சொந்த நாடாளுமன்றமே 1992-இல் அதைச் சொல்லியிருக்கிறது என்று ஆசிரியை நினைவூட்டினார். இன்று அந்தக் குடியரசின் தலைநகரான நால்சிக்கில் மே 21 ஊர்வலத்துக்கு அனுமதி கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

தனி நாடு பற்றிய இளைஞரின் பேச்சில் எனக்கு ஐயம் உண்டு. அதிகேயாவில் அதிகேயர் மக்கள்தொகையில் கால் பங்குதான். அந்தக் குடியரசு முழுவதும் கிராஸ்னதார் மாகாணத்தின் நடுவில் ஒரு தீவாகக் கிடக்கிறது. கராச்சாய்-செர்க்கேசியாவில் செர்க்கேசர் எட்டில் ஒரு பங்கு. கபர்தியர் மட்டுமே தங்கள் குடியரசில் பெரும்பான்மையினர். கருங்கடல் கரையிலோ ஷாப்சுக் ஊர்கள் சிலவே மிஞ்சியுள்ளன. எண்ணிக்கையில் எங்கும் பெரிய புலம்பெயர் சமூகமான துருக்கிச் சர்க்காசியர் திரும்பாமல் இந்தக் கணக்கு மாறாது என்பதால், பெரியவரின் கோரிக்கையும் இளைஞரின் கோரிக்கையும் தோன்றுவதுபோல் எதிரெதிரானவை அல்ல. முதலாவது இல்லாமல் இரண்டாவதற்கு ஆளில்லை. இதை அந்த மேசையில் சொன்னபோது, இளைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர் என் தட்டில் இன்னொரு ஹலிவா வைத்தார்.

இந்த உரையாடல் எங்களுக்குக் கிடைத்தது ஒரு விருந்தினர் கேட்டதால்தான். முந்தைய வாரம் வந்த குழுவில் எவரும் கேட்கவில்லை, இசையும் நடனமுமாக மாலை முடிந்தது என்று வழிகாட்டியே சொன்னார். நடையின் திட்டத்தில் வரலாறு 1921-இல், பின்னாளில் ஜோர்டானின் மன்னரான அப்துல்லா அம்மானைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்ட நிகழ்வோடு நின்றுவிடுகிறது. பெயரை மறைக்க வேண்டிய நிலையில் இருப்பவர் அதற்கு மேல் பேசத் தயங்குவது புரிகிறது. ஆயினும் அரங்கின் படிகளில் 1861-இன் மன்றத்தைப் பற்றி அவ்வளவு தெளிவாகப் பேசுபவர், அந்த மன்றத்தின் கேள்வி இன்று எந்த நிலையில் உள்ளது என்பதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் நடை முழுமை பெறும்.

செல்ல விரும்புவோர் வெள்ளிக்கிழமையைத் தவிர்க்கவும். அன்று பழைய நகரத்தில் நெரிசல் அதிகம். கோடையில் மாலை நான்கு மணிக்கு முன் தொடங்கினால் அரங்கின் கற்கள் சுடும், தொப்பியும் தண்ணீரும் கொண்டுசெல்ல வேண்டும். மே 21-ஆம் தேதியும் அதற்கு முந்தைய நாளும் நடை கிடையாது. விருந்தில் இசை தொடங்குவதற்கு முன்பே உங்கள் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்.