தீவனப் பயிருக்கு யூரியாவா, தொழுவுரமா, அம்மோனியம் சல்பேட்டா?

தானியப் பயிரில் உரக் கணக்கு மூட்டையோடு முடிந்துவிடும். தண்டில் என்ன தங்கியது என்று யாரும் கேட்பதில்லை. தீவனப் பயிரிலோ தண்டும் இலையும்தான் விளைச்சல். அதில் தேங்கியதெல்லாம் அப்படியே மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. அறுவடை எடையை மட்டும் பார்த்து உரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

எடையில் யூரியாவை வெல்வது கடினம். 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். சோளம், மக்காச்சோளம், கம்பு நேப்பியர் போன்ற புல்வகைகள் சில நாட்களிலேயே கரும்பச்சையாகத் தழைத்துவிடும். ஆய்வக அறிக்கையில் புரதமும் ஏறியிருக்கும். அந்த எண்ணை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆய்வகம் அளப்பது நைட்ரஜனை, அதை 6.25 ஆல் பெருக்கிக் 'கச்சாப் புரதம்' என்று எழுதுகிறார்கள். புரதமாக மாறாத நைட்ரஜனும் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

அது வெறும் கணக்குப் பிழை என்றால் பரவாயில்லை. வறட்சியில் வாடும்போதும், பல நாள் மேகமூட்டத்திலும், பயிர் நைட்ரேட் வடிவில் உறிஞ்சிய நைட்ரஜனைப் புரதமாக்க முடியாமல் அடித்தண்டில் சேர்த்துவைக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் அது நைட்ரைட்டாகி ரத்தத்தில் கலந்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து பழுப்பாகிவிடும். மாடு சில மணி நேரத்தில் இறந்தும் போகலாம். சோளத்தில் இன்னொரு தொல்லை: இளம் பயிரிலும் அறுத்த பின் வரும் மறுதாம்புத் துளிரிலும் உள்ள சயனைடு நஞ்சை மிகுந்த தழைச்சத்து மேலும் கூட்டுகிறது. வெயிலில் நன்கு உலர்த்தினால் சயனைடு குறையும், நைட்ரேட் குறையாது. காற்றுப் புகாமல் புளிக்கவைத்துச் சைலேஜாகப் பதப்படுத்தினால் நைட்ரேட்டிலும் கணிசமான பங்கு சிதைந்துவிடும். சந்தேகமான பயிரை அறுக்கத்தான் வேண்டுமென்றால் அடித்தண்டை ஓரளவு வயலிலேயே விட்டு, சற்று மேலே அறுப்பது நல்லது.

இத்தனைக்கும் யூரியாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே முறையில் அள்ளிக் கொட்டும் கையைத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வோர் அறுவடைக்குப் பிறகும் பிரித்துப் போட்டு, உடனே நீர் பாய்ச்சினால் இந்த ஆபத்தும் குறையும், அம்மோனியாவாகக் காற்றில் போகும் இழப்பும் குறையும்.

அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 21 சதவீதம்தான். மூட்டை சுமப்பவருக்கு இது வீண் வேலையாகத் தெரியும். ஆனால் கூடவே 24 சதவீதம் கந்தகம் வருகிறது. கந்தகம் இல்லாமல் பயிர் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களை உருவாக்க முடியாது. மாட்டின் வயிற்று நுண்ணுயிரிகளுக்கும் அது தேவை. கந்தகம் குறைந்த மண்ணில் யூரியாவை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நைட்ரஜன் ஏறும், புரதம் அந்த அளவுக்கு ஏறாது. ஏற்கனவே அமிலத்தன்மை உள்ள மண்ணில் மட்டும் இதைத் தவிர்க்கலாம். அமிலத்தை அது இன்னும் கூட்டும்.

தொழுவுரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய அரை சதவீதம். பத்து டன் போட்டால் 50 கிலோ தழைச்சத்து, அதாவது சுமார் 109 கிலோ யூரியாவுக்குச் சமம், காகிதத்தில் மட்டும். முதல் பருவத்தில் அதில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும் என்பதால் முதல் அறுவடைகளில் தொழுவுரம் தோற்கும். நுண்ணூட்டங்களும் ஈரம் பிடிக்கும் தன்மையும் சேர்வதால், பல ஆண்டு நிற்கும் நேப்பியரில் அதன் பலன் பிறகு தெரியும். இயற்கை உரம்தானே என்று அளவு பார்க்காமல் சாணக் கரைசலை ஆண்டுக்கணக்கில் ஒரே வயலில் விடுவதும் ஆபத்து: சாம்பல்சத்து (பொட்டாசியம்) மண்ணில் குவியும், புல் அதைத் தேவைக்கு மேல் உறிஞ்சும், மக்னீசியம் புல்லில் குறையும். கன்று ஈன்று பால் கறக்கும் பசுக்கள் மக்னீசியப் பற்றாக்குறையால் தசை துடித்து விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புல்வகைக்கு என் தேர்வு: அடியுரமாகத் தொழுவுரம், பிறகு அறுவடைதோறும் பிரித்த யூரியா, அதில் ஒரு பங்குக்குப் பதிலாக அம்மோனியம் சல்பேட்.

குதிரைமசால், காராமணி போன்ற பயறுவகைகள் என்று வந்தால் இந்த வரிசை தலைகீழாகும். வேர் முடிச்சுகளே தழைச்சத்தைத் தருகின்றன. யூரியா போட்டால் முடிச்சுகள் குறையும். அங்கே மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, கந்தகம் ஆகியவற்றுக்குத்தான் செலவழிக்க வேண்டும். புல்லும் பயறும் கலந்த வயலில் யூரியாவைத் தாராளமாக வீசினால் புல் ஓங்கிப் பயறை நிழலில் அமுக்கிவிடும். புரதத்துக்காக விதைத்த பயிரே மறைந்துபோகும்.